போர்ட்டிக்சன் கடற்பாசியில் ஈயம்: இரண்டு ஆய்வகத் தாள்கள் ஏன் ஒத்துப்போகவில்லை?

தோட்டத்து வாத்தியார் (ரந்தாவ்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பணி ஓய்வு பெற்ற பிறகும் எங்கள் ஊர் இடைநிலைப்பள்ளியின் அறிவியல் கழகத்துக்கு வாரம் ஒருநாள் சென்று வருகிறேன். லிங்கி ஆறு சிரம்பான் பக்கத்து நீரையெல்லாம் சுமந்துகொண்டு, தோட்டங்களைக் கடந்து, மலாக்கா நீரிணையில் கலக்கிறது என்று பாடத்தில் சொன்னபோது, அந்த நீர் கடலுக்குப் போய் அங்குள்ள செடிகளுக்கு என்ன செய்கிறது என்று ஒரு மாணவி கேட்டாள். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு, நீர் வற்றிய ஒரு காலைப் பொழுதில் மாணவர்களைப் போர்ட்டிக்சன் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, பாறைகளில் வளரும் பழுப்புப் பாசியான சர்காசத்தை ஒரு வாளி நிறையச் சேகரித்தோம். அதை இரண்டு பைகளாகப் பிரித்து, இரண்டு தனியார் ஆய்வகங்களுக்கு ஒரே நாளில் அனுப்பினோம். இரண்டாவது ஆய்வகத்துக்கான கட்டணத்தைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஏற்றுக்கொண்டது.

இப்போது இரண்டு தாள்களும் என் மேசையில் இருக்கின்றன. முதல் ஆய்வகம் காட்டும் ஈயம், இரண்டாம் ஆய்வகம் காட்டுவதைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு. காட்மியம் இரண்டரை மடங்கு. ஆர்சனிக்கோ தலைகீழாக, முதல் ஆய்வகத்தில் இரண்டாவதில் உள்ளதில் பாதிதான். மூன்றும் ஒரே பக்கமாகக் கூடியோ குறைந்தோ இருந்திருந்தால் ஏதோ ஒரு பெருக்கல் பிழை என்று எண்ணிச் சமாதானம் அடைந்திருப்பேன். மாணவர்களுக்கு என்ன விளக்கம் சொல்வது என்று தெரியவில்லை. ஆய்வகங்களின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. யாரும் கேட்கவும் வேண்டாம்.

லிங்கிக் கரையோரன் எழுதியது:

ஐயா, இதில் விளக்க என்ன இருக்கிறது? இரண்டில் ஒன்று தவறு, அல்லது இரண்டுமே தவறு. இரண்டு ஆய்வகங்களும் எஸ்ஏஎம்எம் அங்கீகாரச் சின்னத்தைத் தாளின் தலையில் அச்சிட்டிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். அச்சிட்டிருந்தால், அந்தச் சின்னத்துக்கு மதிப்பு என்ன என்பதுதான் என் கேள்வி. நான் கணக்குத் துறையில் முப்பது ஆண்டுகள் இருந்தவன். ஒரே பேரேட்டை இரண்டு தணிக்கையாளர்களிடம் கொடுத்து, ஒருவர் ஆறு ரிங்கிட் என்றும் மற்றவர் ஒரு ரிங்கிட் என்றும் சொன்னால், அவர்களில் ஒருவருக்கு மறுநாள் வேலை இருக்காது.

நீராய்வாளர் எழுதியது:

ஐயாவுக்கு வணக்கம். நானும் தோட்டத்துப் பிள்ளைதான். இப்போது கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு ஆய்வகத்தில் உலோகப் பகுப்பாய்வுப் பிரிவில் வேலை செய்கிறேன். உங்கள் தாள்களில் பெயர் இருக்கக்கூடிய ஆய்வகங்களுள் எங்களுடையதும் ஒன்றாக இருக்கலாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆகையால் நான் சொல்வதைச் சற்று ஐயத்துடனேயே படியுங்கள்.

கரையோரன் அண்ணனின் ஒப்புமை இந்த இடத்துக்குப் பொருந்தாது. பேரேட்டில் எழுதிய தொகை யார் பார்த்தாலும் ஒன்றுதான். கடற்பாசியில் உள்ள ஈயம் அப்படி எழுதிவைக்கப்பட்ட எண் அல்ல. அதைக் கழுவி, காயவைத்து, அரைத்து, அமிலத்தில் கரைத்து, கருவியில் செலுத்திய பிறகே ஓர் எண் பிறக்கிறது. ஒவ்வொரு படியிலும் அது மாறக்கூடும். நல்ல ஆய்வகங்கள், ஒரே பொடியை, ஒரே கவனத்துடன் அளந்தாலும்கூட எண்கள் சிதறும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தில் பணியாற்றிய வில்லியம் ஹார்விட்ஸ் என்பவர், ஏராளமான கூட்டுச் சோதனைகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து, 1980-இல் ஓர் ஒழுங்கை எடுத்துக்காட்டினார். அளக்கப்படும் பொருள் எதுவாயினும், முறை எதுவாயினும், ஆய்வகங்களுக்கிடையிலான சிதறல் பெரும்பாலும் அப்பொருளின் செறிவைப் பொறுத்தே அமைகிறது. செறிவு நூறில் ஒரு பங்காகக் குறையும்போது சிதறல் இரண்டு மடங்காகிறது. ஒரு கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்ற அளவில் அந்தச் சிதறல் 16 விழுக்காடு, 0.01 மில்லிகிராம் அளவில் 32 விழுக்காடு. இதிலிருந்து கணக்கிட்டால், ஒரு மில்லிகிராம் அளவில் உள்ள உலோகத்துக்கு, எந்தத் தவறும் செய்யாத இரண்டு ஆய்வகங்களின் ஒற்றை அளவீடுகள் ஒன்றுக்கொன்று 45 விழுக்காடு வரை வேறுபட்டாலும் வியப்படைவதற்கில்லை.

ஆனால் உங்களுடையது 45 விழுக்காடு அல்ல, ஆறு மடங்கு. அதற்கு ஹார்விட்ஸைச் சாட்சிக்கு அழைக்க முடியாது. தயவுசெய்து தாள்களின் அடியில் சிறிய எழுத்தில் என்ன அச்சிடப்பட்டிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். எந்த எடையை அடிப்படையாகக் கொண்டார்கள், எந்த அமிலத்தில் கரைத்தார்கள், எந்தக் கருவியில் அளந்தார்கள் என்ற மூன்றும் தெரிந்தால் பேசலாம்.

தோட்டத்து வாத்தியார் எழுதியது:

மூக்குக் கண்ணாடியோடு உருப்பெருக்கியையும் எடுத்துக்கொண்டு படித்தேன். முதல் ஆய்வகத்தின் தாளில் "உலர் எடை அடிப்படையில்" என்று இருக்கிறது. நைட்ரிக் அமிலத்தில் சூடாக்கிக் கரைத்து, ஈயத்தையும் காட்மியத்தையும் கிராஃபைட் உலையிலும், ஆர்சனிக்கை ஹைட்ரைடு முறையிலும் (வாயுவாக்கி அளப்பது) அளந்திருக்கிறார்கள். இரண்டாம் தாளில் "பெறப்பட்ட நிலையில்" என்று இருக்கிறது. மைக்ரோவேவ் கலத்தில் கரைத்து ஐசிபி-எம்எஸ் கருவியில் (பிளாஸ்மாவின் வெப்பத்தில் சிதைத்து, நிறையை வைத்து அளப்பது) அளந்திருக்கிறார்கள். அதே தாளின் மறுபக்கத்தில், இதுவரை நான் திருப்பிப் பார்க்காத பக்கத்தில், ஈரப்பதம் 60 விழுக்காடு என்று தனியாக ஒரு வரி இருக்கிறது.

நீராய்வாளர் எழுதியது:

காட்மியத்தின் கதை அந்த மறுபக்கத்து வரியோடு முடிந்துவிட்டது, ஐயா. நூறு கிராமில் 60 கிராம் தண்ணீர் என்றால் மீதி 40 கிராம்தான் பாசி. பெறப்பட்ட நிலையில் சொன்ன எண்ணை உலர் எடைக்கு மாற்ற இரண்டரையால் பெருக்க வேண்டும். பெருக்கிப் பாருங்கள், இரண்டு ஆய்வகங்களும் காட்மியத்தில் ஒரே விடையைத்தான் சொல்லியிருக்கின்றன. ஈயம் மட்டும் இன்னும் மீதம் நிற்கிறது: ஆறை இரண்டரையால் வகுத்தால் 2.4 மடங்கு.

பதினேழாம் மட்டை எழுதியது:

ஈர எடை, உலர் எடை என்ற சண்டை நம் தோட்டங்களுக்குப் புதிதல்ல. பால்மரம் வெட்டிய காலத்தில் கொட்டகையில் மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியைப் பாலுக்குள் மிதக்கவிட்டு ஒரு விழுக்காட்டைச் சொல்வார்கள். தொழிற்சாலையில் அதே பாலை அமிலம் விட்டு உறையவைத்து, தகடாக்கி, அடுப்பில் காயவைத்து எடைபோட்டு வேறொரு விழுக்காட்டைச் சொல்வார்கள். என் தகப்பனார் இரண்டையும் ஒரு சிறு நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு கிராணியோடு வாதாடுவார். ஆனால் வாதம் தீராததற்குக் காரணம் அளவுகோல் அல்ல. தண்ணீர் கலந்த பாலா, மழை நாளின் பாலா என்ற விவரம் இரண்டு எண்களிலும் இல்லாமல் போனதுதான்.

நான் செம்பனைத் தோட்டத்தில் இலை மாதிரி எடுக்கும் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்தேன். என் பயனர் பெயருக்குக் காரணமும் அதுதான். முதிர்ந்த மரத்தில், முழுதும் விரிந்த முதல் மட்டையை ஒன்று என்று வைத்து எண்ணி, பதினேழாவது மட்டையைத்தான் வெட்ட வேண்டும். மட்டைகள் எட்டெட்டாகச் சுருளில் அமைவதால் ஒன்றாவது, ஒன்பதாவது, பதினேழாவது மட்டைகள் ஏறக்குறைய ஒரே வரிசையில் வரும். பழகிய கண்ணுக்கு எண்ணாமலேயே தெரியும். அந்த மட்டையின் நடுப்பகுதியில் உள்ள ஓலைகளை மட்டும் எடுத்து, அவற்றின் நடுத்துண்டை வைத்துக்கொண்டு, நரம்பை உரித்து எறிந்துவிட்டு, ஈரப் பஞ்சால் துடைத்துப் பிறகுதான் அடுப்புக்கு அனுப்புவோம். பதினேழுக்குப் பதிலாக இருபத்தைந்தை வெட்டினால் தழைச்சத்தும் சாம்பல்சத்தும் வேறாக வரும், அதைப் பார்த்து உரம் போட்டால் காசு வீணாகும். ஆய்வகம் எவ்வளவு நேர்த்தியாக அளந்தாலும் அந்தப் பிழையைக் கண்டுபிடிக்கவே முடியாது, ஏனென்றால் அவர்களிடம் வருவது பொட்டலத்தில் உள்ள ஓலை மட்டும்தான்.

ஆகவே என் கேள்வி மிக எளியது. சர்காசத்துக்குப் பதினேழாம் மட்டை எது, ஐயா? உங்கள் இரண்டு பைகளிலும் பாசியின் எந்தப் பகுதி இருந்தது?

லிங்கிக் கரையோரன் எழுதியது:

என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. அங்கீகாரம் என்பது என்ன?

நீராய்வாளர் எழுதியது:

மட்டை அண்ணனின் கேள்வி என் தொண்டையில் சிக்கிக்கொண்டது. ஐயாவின் பதில் வரும்வரை அண்ணன் கரையோரனுக்குச் சொல்லிவிடுகிறேன்.

எஸ்ஏஎம்எம் என்பது ஜபாத்தான் ஸ்டாண்டர்ட் மலேசியா நடத்தும் ஆய்வக அங்கீகாரத் திட்டம். ஐஎஸ்ஓ/ஐஇசி 17025 என்ற பன்னாட்டுத் தரநிலையை அடிப்படையாகக் கொண்டது. அங்கீகாரம் ஒரு கட்டடத்துக்கு வழங்கப்படுவதில்லை. எந்தப் பொருளில், எந்த உலோகத்தை, எந்த முறையில் என்று ஓர் அட்டவணை உண்டு. அந்த அட்டவணைக்குள் அடங்கும் சோதனைக்கு மட்டுமே சின்னம் பொருந்தும். குடிநீரில் ஈயம் அளக்க அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் கடற்பாசியில் ஈயத்தையும் நன்றாகவே அளக்கலாம், ஆனால் அதற்கு அந்தச் சின்னம் உறுதி சொல்லவில்லை. தாளில் உடுக்குறியிட்டு "அங்கீகார எல்லைக்கு உட்படாதது" என்று எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். அப்படி எழுதியிருந்தால் அது நேர்மையான ஆய்வகம்.

திறனறி சோதனை என்ற இன்னொரு பாதுகாப்பும் இருக்கிறது. ஆண்டுதோறும் ஓர் அமைப்பாளர் ஒரே பொடியைப் பல ஆய்வகங்களுக்கு அனுப்பி, ஒவ்வொருவரும் உரிய மதிப்பிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறார்கள் என்று கணக்கிட்டு இசட் மதிப்பெண் தருவார். இரண்டுக்குள் இருந்தால் நிறைவு, மூன்றைத் தொட்டுவிட்டால் உள்ளே விசாரணை நடக்கும். தாவரப் பொடிகளை இப்படிப் பகிர்வதை ஹாலந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகம் நெடுங்காலமாக நடத்துகிறது. கடல் சார்ந்த மாதிரிகளைப் பன்னாட்டு அணுசக்தி முகமையின் மொனாக்கோ ஆய்வகம் சுற்றுக்கு விடுகிறது. அவர்கள் வெளியிட்ட ஐஏஇஏ-140 என்ற ஒப்பீட்டுப் பொருளை (மதிப்பு முன்பே நிறுவப்பட்ட பொடி) கடல் தாவரம் என்று அழைத்தாலும் உள்ளே இருப்பது ஃபியூகஸ் என்ற பழுப்புப் பாசிதான், தாவரவியலார் கோபித்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. அந்த உரிய மதிப்பு பல வேளைகளில் பங்கேற்றவர்களின் முடிவுகளிலிருந்தே பெறப்படுகிறது. பெரும்பாலோர் நைட்ரிக் அமிலத்தில் மட்டும் கரைத்தால், பாசியோடு ஒட்டிய களிமண்ணில் சிறைப்பட்டிருக்கும் குரோமியமும் அலுமினியமும் முழுதாக வெளியே வரா. ஹைட்ரோபுளோரிக் அமிலம் சேர்த்து மணலையும் கரைத்த சிறுபான்மையினர் உண்மையான மொத்தத்தைக் கண்டுபிடித்திருப்பார்கள், ஆனால் பெரும்பான்மையிலிருந்து விலகியவர்கள் என்று பெயர் வாங்குவார்கள். எல்லோரும் ஒரே திசையில் தவறினால் அது ஒற்றுமை போலத் தோன்றும்.

எல்லோரும் ஒத்துப்போவதால் மட்டும் எண் சரியாகிவிடாது என்பதற்குப் பழைய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. கிளேர் பேட்டர்சன், டோரதி செட்டில் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1980-இல், சூரை மீன் தசையில் உள்ள ஈயத்தை மற்ற ஆய்வகங்கள் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு கூட்டிச் சொல்லிவந்தன என்று காட்டினார்கள். மீனில் இல்லாத அந்த ஈயம் ஆய்வகத் தூசியிலிருந்தும் கையாளுதலிலிருந்தும் வந்தது. அவ்வளவு பேர் ஒரே தூசியை மூச்சிழுத்துக்கொண்டு உடன்பட்டிருந்தார்கள்.

கடற்புல் எழுதியது:

ஜொகூரில் மெராம்போங் கடற்புல் திடலில் ஆய்வு செய்யும் மாணவி நான். பதினேழாம் மட்டை ஐயாவின் கேள்வியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை, ஏனென்றால் என் ஆய்வேட்டின் பாதியை அந்தக் கேள்வி தின்றுவிட்டது.

முதலில் ஒரு திருத்தம். சர்காசம் பாசி, அதற்கு வேர் இல்லை, பாறையைப் பிடிக்கும் பற்றுறுப்புதான் உண்டு, உலோகத்தைச் சுற்றியுள்ள நீரிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அதன் உயிரணுச் சுவரில் உள்ள ஆல்ஜினேட், ஈயம் போன்ற உலோகங்களை இறுகப் பற்றும். நான் அளக்கும் எனாலஸ் கடற்புல் பூக்கும் தாவரம். அது வேரின் வழியாகச் சேற்றிலிருந்தும் எடுக்கிறது, இலையின் வழியாக நீரிலிருந்தும் எடுக்கிறது. "கடல் தாவரங்களில் கன உலோகம்" என்று இரண்டையும் ஒரே அட்டவணையில் போடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

கடற்புல்லின் இலை அடியிலிருந்து வளர்கிறது. ஆகவே நுனிதான் கிழட்டுப் பகுதி. அதன்மேல் பாசியும் சுண்ணாம்பு ஓட்டுப் புழுக்களும் சேறும் படிந்து, சில நேரம் இலையைவிடக் கனமாக இருக்கும். நுனியை வெட்டி எறிகிறவர்கள் ஒருவகை, கண்ணாடித் துண்டால் சுரண்டிவிட்டு முழு இலையையும் அரைக்கிறவர்கள் இன்னொரு வகை, நீர்த்த அமிலத்தில் அலசுகிறவர்கள் மூன்றாம் வகை. அமிலத்தில் அலசினால் சேறு போகும், கூடவே இலைமேல் ஒட்டியிருந்த உலோகமும் போகும். மத்தியதரைக் கடலில் பொசிடோனியா என்ற கடற்புல்லை ஆராய்கிறவர்கள் இலைகளை இளம் இலை, இடைநிலை இலை, முதிர் இலை என்று தரம் பிரித்து எண்ணும் வழக்கத்தைக் கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு ஒருவகைப் பதினேழாம் மட்டை இருக்கிறது. நம் கரையோரத்தில் ஒவ்வோர் ஆய்வேடும் ஒரு மட்டையைத் தேர்ந்துகொள்கிறது.

தோட்டத்து வாத்தியார் எழுதியது:

இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. நேற்று மாணவர்களை உட்காரவைத்து அன்றைய நாளை மறுபடி நடத்திப் பார்த்தோம். வாளியில் மேலே கிடந்த மெல்லிய கிளைகளையும் காற்றுக் குமிழ்களையும் முதலில் அள்ளி ஒரு பையில் போட்டிருக்கிறார்கள். நாற்றம் தாங்காமல் அந்தப் பையில் உள்ளதைப் பள்ளிக் குழாயில் இரண்டு முறை அலசியிருக்கிறார்கள். அடியில் கிடந்த தடித்த தண்டுகளும், பாறைத் துகள்கள் ஒட்டிய பற்றுறுப்புகளும் அலசப்படாமல் மற்றொரு பைக்குள் போயின. அலசிய பை இரண்டாம் ஆய்வகத்துக்கும் அலசாத பை முதல் ஆய்வகத்துக்கும் போயிருக்கின்றன. ஒரே வாளி என்பதால் ஒரே மாதிரி என்று நான் எண்ணிக்கொண்டேன். முப்பத்தைந்து ஆண்டுகள் அறிவியல் பாடம் நடத்தியவன்.

நீராய்வாளர் எழுதியது:

கூச்சப்பட ஒன்றுமில்லை, ஐயா. அலசினீர்களா, எந்தப் பகுதி என்று எங்கள் வரவேற்பு மேசையிலும் யாரும் வாடிக்கையாளரைக் கேட்பதில்லை. கேட்பதற்குப் படிவத்தில் இடமே இல்லை.

மீதமிருந்த 2.4 மடங்கைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கண்டங்களின் புவி மேலோட்டின் மேற்பகுதியில் சராசரியாகக் கிலோவுக்கு 17 மில்லிகிராம் ஈயமும் 0.1 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவான காட்மியமும் இருக்கின்றன. மாசற்ற சாதாரணச் சேறும் ஏறத்தாழ அப்படித்தான் என்று வைத்துக்கொள்வோம். பாசியின் தசையில் ஒரு கிலோவுக்கு 1 மில்லிகிராம் ஈயம் இருக்கிறது, அரைத்த பொடியில் பத்தில் ஒரு பங்கு சேறும் மணலும் கலந்திருக்கின்றன என்று எடுத்துக்கொண்டால், பாசியிலிருந்து 0.9, சேற்றிலிருந்து 1.7, ஆக மொத்தம் 2.6 மில்லிகிராம். ஆய்வகம் ஒரு துளியும் தவறாமல் ஈயத்தை இரண்டரை மடங்குக்கும் மேலாகக் காட்டும். அதே பொடியில், பாசியின் காட்மியம் 0.5 மில்லிகிராம் என்றால், சேற்றின் பங்கு 0.01-ஐத் தாண்டாது, மொத்தம் 0.46. அலசாத பையிலும் காட்மியம் அசையாமல் நிற்பதற்குக் காரணம் இதுதான். இவை நான் கற்பனையாக எடுத்த எண்கள், உங்கள் பாசியின் எண்கள் அல்ல. இருந்தாலும் இரண்டு உலோகங்களும் வெவ்வேறு விதமாக நடந்துகொண்டது இந்த வடிவத்தோடு பொருந்துகிறது. முதல் ஆய்வகத்திடம் மிச்சப் பொடி இருந்தால் அலுமினியத்தையும் இரும்பையும் அளக்கச் சொல்லுங்கள். பாசித் தசையில் அலுமினியம் குறைவு, சேற்றில் ஏராளம். அது ஏறியிருந்தால் மணல் உள்ளே புகுந்ததற்கு அதுவே சாட்சி.

ஆர்சனிக்கில்தான் எனக்கு ஓர் ஆய்வகத்தின்மீது உண்மையான ஐயம் இருக்கிறது. உலர் எடைக்கு மாற்றினால் முதல் ஆய்வகத்தின் எண் இரண்டாவதின் ஐந்தில் ஒரு பங்காகிறது. கடற்பாசியில் ஆர்சனிக் பெரும்பாலும் சர்க்கரையோடு பிணைந்த கரிமச் சேர்மங்களாக இருக்கும். நைட்ரிக் அமிலத்தில் மிதமாகச் சூடாக்கினால் அவை முழுதும் சிதையாமல் வேறு கரிம வடிவங்களில் எஞ்சும். எஞ்சியவை ஹைட்ரைடு முறையில் ஒழுங்காக வாயுவாகா, ஆகவே கருவிக்குத் தென்படா. ஐசிபி-எம்எஸ் கருவிக்கு அந்தச் சிக்கல் இல்லை, ஏனென்றால் பிளாஸ்மாவின் வெப்பத்தில் எந்த வடிவமும் நிலைக்காது. எதிர்த் திசையில், உப்பின் குளோரைடு ஆர்கானோடு சேர்ந்து ஆர்சனிக்கின் நிறையான 75-ஐயே போலியாகக் காட்டும் என்பது உண்மை. ஆனால் பழுப்புப் பாசியில் ஆர்சனிக் கிலோவுக்குப் பல பத்து மில்லிகிராம் இருப்பது வழக்கம். அந்த அளவில் போலிக் குறியின் பங்கு சிறியது, தவிர இப்போதைய கருவிகள் ஹீலியம் செலுத்தி அதைத் தட்டிக் கழிக்கின்றன. நான் பந்தயம் கட்டுவதென்றால் இரண்டாம் ஆய்வகத்தின் பக்கம் கட்டுவேன்.

லிங்கிக் கரையோரன் எழுதியது:

ஆக, ஒன்று எடையின் தவறு, ஒன்று நம் ஊர்ப் பிள்ளைகளின் தவறு, ஒன்று மட்டும் ஆய்வகத்தின் தவறு. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதல் ஆய்வகம் ஆர்சனிக்கில் தவறியதை அவர்களே ஏன் கண்டுபிடிக்கவில்லை?

நீராய்வாளர் எழுதியது:

நல்ல கேள்வி, அண்ணே. கண்டுபிடிப்பதற்கென்றே சான்றளிக்கப்பட்ட ஒப்பீட்டுப் பொருள் என்று ஒன்று இருக்கிறது. பல தேர்ந்த ஆய்வகங்கள் பல முறைகளில் அளந்து மதிப்பு நிறுவிய பொடி. அதை வாடிக்கையாளரின் மாதிரியோடு சேர்த்து ஓட்ட வேண்டும். இதன் மரபு 1960-களில் இங்கிலாந்தில் போவன் என்பவர் தயாரித்துப் பகிர்ந்த கீரைப் பொடியிலிருந்தும், 1971-இல் அமெரிக்கத் தரநிலை நிறுவனம் வெளியிட்ட பழத்தோட்ட இலைப் பொடியிலிருந்தும் வருகிறது. இடர் என்னவென்றால், தோட்டத்து இலையில் சரியாக வரும் முறை கடற்பாசியில் சரியாக வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்த இலையில் இவ்வளவு உப்பும் இல்லை, ஆர்சனிக் சர்க்கரையும் இல்லை.

கடற்பாசிக்கென்றே ஐரோப்பியப் பொடிகள் இரண்டு உண்டு. பிசிஆர்-279 உல்வா என்ற பச்சைப் பாசி: ஈயம் கிலோவுக்கு 13.48 மில்லிகிராம், ஆர்சனிக் 3.09. ஈஆர்எம்-சிடி200 ஃபியூகஸ்: ஈயம் 0.51, ஆர்சனிக் 55. இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். உல்வாவில் ஈயத்தைச் சரியாகக் கண்டுபிடித்ததை வைத்து, அதில் இருபத்தாறில் ஒரு பங்கு ஈயம் மட்டுமே உள்ள பழுப்புப் பாசியையும் சரியாக அளப்போம் என்று சொல்ல முடியாது. அந்தத் தாழ்ந்த அளவில் அமிலத்தின் தூய்மையும் குவளையின் தூய்மையுமே எண்ணைத் தீர்மானிக்கும். சர்காசத்துக்கு ஃபியூகஸ்தான் நெருங்கிய உறவு. முதல் ஆய்வகத்திடம் எந்த ஒப்பீட்டுப் பொருளை ஓட்டினீர்கள், எத்தனை விழுக்காடு மீட்டீர்கள் என்று கேளுங்கள், ஐயா. வாடிக்கையாளர் அதைக் கேட்கலாம். எங்களிடம் ஆண்டுக்கு ஒருவர் கேட்டாலே அதிசயம்.

ஆனாலும் மட்டை அண்ணன் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஒப்பீட்டுப் பொருள், திறனறி சோதனை, இசட் மதிப்பெண் ஆகிய எல்லாமே பொடியாகிப் புட்டிக்குள் புகுந்த பிறகுள்ள பாதையைத்தான் காவல் காக்கின்றன. இவற்றில் எதுவும் உங்கள் பள்ளிக் குழாயைப் பார்க்காது.

பதினேழாம் மட்டை எழுதியது:

இரண்டாம் சுற்றுக்கு என் யோசனை இது. பதினைந்து செடிகளுக்குக் குறையாமல் எடுத்து, எல்லாவற்றிலும் நடுத்தண்டிலிருந்து பிரியும் பக்கக் கிளைகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எடுத்த இடத்துக் கடல்நீரிலேயே அலசுங்கள். குழாய் நீர் வேண்டாம். நிழலில் வடியவிட்டு, பள்ளி அடுப்பில் 60 பாகையில் எடை மாறாத வரை காயவையுங்கள். அரைத்த பிறகு குவியலாக்கி நான்காகப் பகுத்து, எதிரெதிர்ப் பகுதிகளைச் சேர்த்து மறுபடி பகுங்கள். பிரிப்பது பொடியைத்தான், ஈரப் பாசியைப் பிரிக்கவே வேண்டாம். ஒவ்வோர் ஆய்வகத்துக்கும் அதே பொடியை இரண்டு வெவ்வேறு பெயர்களில் அனுப்புங்கள். தங்களுக்குள்ளேயே ஒத்துப்போகாதவர்கள் மற்றவரோடு ஒத்துப்போவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. எங்கள் தோட்டத்தில் மேனேஜர் ஆண்டுக்கு ஒருமுறை இப்படிச் செய்வார், எங்களுக்கே சொல்லாமல்.

கடற்புல் எழுதியது:

அரைக்கும்போது கவனம். எஃகு அரவைக் கருவி குரோமியத்தையும் நிக்கலையும் பொடியில் விட்டுவிட்டுப் போகும். அகேட் கல் உரல் கிடைத்தால் நல்லது.

தோட்டத்து வாத்தியார் எழுதியது:

அகேட் உரலுக்கு எங்கே போவேன்? வீட்டில் அம்மி இருக்கிறது. பாசார் பக்கத்தில் மசாலை அரைக்கும் மில்காரரும் இலவசமாக அரைத்துத் தருவதாகச் சொல்கிறார்.

நீராய்வாளர் எழுதியது:

அம்மி கருங்கல், ஐயா. அதிலுள்ள ஃபெல்ஸ்பார் என்ற கனிமத்தில் ஈயம் உண்டு, அரைக்க அரைக்கக் கல்லும் உதிரும். மசாலை மில் அதைவிட மோசம். நேற்றைய மஞ்சளின் வரலாறு யாருக்குத் தெரியும்? நன்றாகக் காய்ந்த பாசி கையால் நொறுங்கும். தடித்த பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, பைக்கு வெளியிலிருந்து உருட்டுக் கட்டையால் நொறுக்கி, நைலான் சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள். மாணவர்களுக்கும் வேலை கொடுத்தது போலாகும். பெரிய அளவில் செய்து ஒரு புட்டியை உங்களிடமே வைத்துக்கொண்டு, அடுத்த ஆண்டுகளிலும் ஒவ்வொரு சுற்றோடும் அதில் கொஞ்சம் அனுப்புங்கள். விலை கொடுத்து ஐரோப்பியப் பொடியை வாங்க முடியாத இடத்தில் அதுவே உங்கள் சொந்த ஒப்பீட்டுப் பொருள்.

தோட்டத்து வாத்தியார் எழுதியது:

மூன்று வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். முதல் ஆய்வகத்தின் பதில் வந்தது. ஒப்பீட்டுப் பொருளாக ஓட்டியது பழத்தோட்ட இலைவகைப் பொடி. கடற்பாசி அவர்களுடைய அங்கீகார அட்டவணையில் இல்லை என்று மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். மிச்சமிருந்த மாதிரியில் அலுமினியத்தைக் கட்டணமின்றி அளந்தும் கொடுத்தார்கள். அலசிய பையில் இரண்டாம் ஆய்வகம் கண்டதைவிட, உலர் எடைக்கு மாற்றிய பிறகும், அது பல மடங்கு அதிகம். பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த பழைய அட்டவணையைக் கழற்றிவிட்டேன்.

மறுபடி கடற்கரைக்குப் போனோம். பக்கக் கிளைகளை மட்டும் கிள்ளி, அங்கேயே அலசி, காயவைத்து, நொறுக்கி, சலித்து, நான்காகப் பகுத்துப் புட்டிகளில் அடைத்தாயிற்று. வெள்ளிக்கிழமை பிற்பகல், வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு மாணவன் பொடியை எடைபோட எடுத்தான். தட்டில் வைத்துவிட்டு எண் நிலைக்கட்டும் என்று காத்திருந்தான். அது நிலைக்கவில்லை, மூன்றாம் தசம இலக்கம் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டே போனது. தராசு பழுதாகிவிட்டது என்று சொன்னான். கேள்வியை முதலில் கேட்ட அந்த மாணவி தராசின் கதவைச் சாத்தி, ஜன்னலையும் சாத்திவிட்டு, "பொடி தண்ணி குடிக்குது, ஐயா" என்றாள். இப்போது ஒவ்வொரு புட்டியின் சீட்டிலும் எடையோடு நேரத்தையும் எழுதுகிறார்கள்.